காடு திருத்தியவர் காணி

ஓர் ஊரில் முதன்முதலில் குடியேறிக் காடு திருத்தி, ஏரிக்குக் கரை கட்டி, கழனி கண்ட குடும்பங்களுக்கு அந்த ஊரின்மேல் இருந்த பரம்பரை உரிமையே காணியாட்சி. காணி என்றால் நிலம். ஆட்சி என்றால் அதை வைத்து அனுபவிக்கும் உரிமை. நவாபுகளின் காலத்தில் இதற்கு மிராசு என்ற பெயர் வந்தது. காணியாளர்கள் மிராசுதாரர்கள் ஆனார்கள். இன்றைய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களை உள்ளடக்கிய தொண்டைமண்டலத்தில் இந்த உரிமை மற்ற பகுதிகளைவிட வலுவாக வேரூன்றியிருந்தது. மீஞ்சூர், பொன்னேரி, காட்டுப்பள்ளி வட்டாரத்தில் இன்று அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் நிற்கின்றன. அங்கேயும் உட்பகுதி ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் முதல் குடிகள் என்று சில குடும்பங்களும், அவர்களுடைய மனையும் களமும் இருந்தன.

ஊர்ப்பெயர்கள் அந்தக் குடியேற்றத்தின் அடையாளத்தை இன்னும் சுமக்கின்றன. பொன்னேரிப் பக்கம் காட்டூர் என்று ஓர் ஊர், வயலூர் என்று இன்னோர் ஊர். காடாக இருந்ததும் வயலாக மாறியதும் அந்த இரண்டு பெயர்களிலும் பதிந்திருக்கின்றன. அத்திப்பட்டில் 'பட்டு', நந்தியம்பாக்கத்தில் 'பாக்கம்' என்று குடியிருப்பைக் குறிக்கும் பழஞ்சொற்கள் ஒட்டியிருக்கின்றன. காட்டுப்பள்ளியில் உள்ள 'பள்ளி'யும் சிற்றூர், தங்குமிடம் என்ற பழைய பொருள்களை உடைய சொல்தான். கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே கிடக்கும் அந்த மணல்திட்டு பெரும்பாலும் மீனவர்களின் இடம். அங்கிருந்து மேற்கே சில கல் நடந்தால் மண் கறுத்து, ஏரிப் பாசனமும் நெல்லும் தொடங்கிவிடும். காணியாளர்களின் உலகம் அதுதான்.

முதல் குடிகள் எப்படி வந்தார்கள் என்பதற்கு ஒரு கதை வழங்கிவந்தது. காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளில் அது பதிவாகியிருக்கிறது. தொண்டைமண்டலம் முன்பு குறும்பர்களின் கையில் இருந்தது. ஆடு மேய்த்தும் வணிகம் செய்தும் வாழ்ந்த அவர்கள் புழலைத் தலைமையிடமாக வைத்து 24 கோட்டைகளைக் கட்டியிருந்தார்கள். குலோத்துங்க சோழனின் மகன் எனப்படும் ஆதொண்டை அவர்கள்மேல் படையெடுத்து, முதலில் தோற்று, பிறகு வென்றான். காட்டை வெட்டி உழவை நிலைநிறுத்த வேளாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றினான். அந்த 24 கோட்டைகளின் பெயரால்தான் 24 கோட்டங்கள் ஏற்பட்டன, அவை 79 நாடுகளாகப் பிரிந்தன என்று கதை போகிறது.

இந்தக் கதையின் தடயத்தை வட திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் கண்ணால் பார்க்கலாம். கருவறைக்கு முன்னால் இரண்டு எருக்கந்தூண்கள் நிற்கின்றன. குறும்பர்களை வென்ற தொண்டைமான் அவர்களுடைய கோட்டையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியவை அவை என்று கோயிலில் சொல்வார்கள். நந்தி இறைவனுக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து அமர்ந்திருப்பதற்கும், தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குக் கிளம்பியது என்று காரணம் சொல்வார்கள்.

கதையின் முக்கியமான பகுதி வெற்றிக்குப் பிறகுதான் வருகிறது. வந்த குடிகளில் பலர் காட்டின் கடுமையைத் தாங்க முடியாமல் ஊர் திரும்பிவிட்டார்களாம். மீதிப் பேரையாவது நிறுத்திவைக்க வேண்டுமானால் வெறும் நிலத்தைக் கொடுத்தால் போதாது. பிள்ளை பேரன் காலத்துக்கும் யாராலும் பறிக்க முடியாத உரிமை வேண்டும். அந்த உறுதிமொழியே காணியாட்சி என்று மரபு சொல்கிறது. ஆள் இல்லாத நிலத்துக்கு ஆளை இழுக்க அரசுகள் உலகெங்கும் இதே வழியைப் பிடித்திருக்கின்றன. 1862இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்ற நிலச் சட்டம், ஐந்து ஆண்டுகள் தங்கிப் பயிர் செய்த குடும்பத்துக்கு 160 ஏக்கரைச் சொந்தமாக்கியது. அங்கேயும் 'காலி நிலம்' என்று எழுதப்பட்ட இடத்தில் முன்பே மக்கள் இருந்தார்கள்.

தொண்டைமண்டலத்துக்கும் அது பொருந்தும். ஆதொண்டை கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. சோழர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொண்டைமான் இளந்திரையனைப் புலவர்கள் பாடிவிட்டார்கள். பல்லவர்கள் இங்கே பேரேரிகளை வெட்டி, ஊர்ச்சபைகளோடு ஆண்டார்கள். ஆகவே ஒரே படையெடுப்பில் காடு நாடாகிவிடவில்லை. ஏரி ஏரியாக, மடை மடையாக, பல தலைமுறைகளின் கைகளில் நடந்த வேலை அது. ஆனால் கதை ஒன்றைச் சரியாகச் சொல்கிறது: முதலில் வந்தவன் என்ற பெயர்தான் இந்த மண்ணில் உரிமையின் அடிப்படை. அந்தப் பெயர் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில்தான் பின்னால் வந்த எல்லா வழக்குகளும் தொடங்கின.

காணியாளரை இன்றைய பட்டாதாரரோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும். பட்டாதாரருக்கு இன்ன சர்வே எண்ணில் இத்தனை சென்ட் என்று நிலம் உண்டு. காணியாளருக்கு இருந்தது ஊரில் ஒரு பங்கு. ஓர் ஊர் இத்தனை பங்கு என்று முன்பே வகுக்கப்பட்டிருக்கும். குடும்பங்கள் ஒரு பங்கு, அரைப் பங்கு, கால் பங்கு என்று வைத்திருக்கும். கழனி மட்டுமல்லாமல் தரிசு, மேய்ச்சல் நிலம், ஏரி மீன், மரங்கள், வீட்டு மனைகள் எல்லாவற்றிலும் அந்தப் பங்கு செல்லும். இதில் இரண்டு முறைகள் இருந்தன. பசுங்கரை முறையில் நிலம் ஊருக்குப் பொது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு யாருக்கு எந்த வயல் என்று மாற்றிக்கொள்வார்கள். மடைக்குப் பக்கத்து நிலம் ஒருவருக்கே என்றென்றும் போய்விடாது, கடைமடையின் வறட்சியும் ஒருவர் தலையிலேயே விடியாது. அறுதிக்கரை முறையில் நிலத்தை ஒரேயடியாகப் பிரித்துக்கொண்டுவிடுவார்கள்.

பசுங்கரைக்கு உறவான ஒரு வழக்கம் இதே வட்டாரத்தின் நீரிலும் இருக்கிறது. பழவேற்காடு ஏரியிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் மீனவர்கள் 'பாடு' என்ற முறையில் வலை போடும் இடங்களைச் சீட்டுப் போட்டுத் தலைக்கட்டுகளுக்குள் மாற்றிக்கொள்கிறார்கள். நல்ல இடம் எல்லோருக்கும் ஒருமுறை வரும், மோசமான இடமும் எல்லோருக்கும் ஒருமுறை வரும். நிலத்தில் மறைந்துபோன அந்த நியாயம் நீரில் இன்றுவரை பிழைத்திருப்பது கவனிக்க வேண்டிய செய்தி.

காணியாளர் குடும்பத்தின் நடுப்புள்ளி அவர்களுடைய வீடு. பழைய சாசனங்களும் கிரயப் பத்திரங்களும் அதை மனை என்றும், சுற்றியிருக்கும் கொல்லையை மனைப்படப்பை என்றும் குறிக்கின்றன. காணியை விற்கும்போது கழனி, மனை, படப்பை, மேலே வளர்ந்த மரம், கீழே தோண்டிய கிணறு, மண்ணுக்குள் கிடக்கும் புதையல் வரை எழுதிக் கைமாற்றுவார்கள். மனை இல்லாத காணி இல்லை. ஊர் நத்தத்தில் வீடு கட்டிக்கொள்ளும் உரிமையும் காணியோடு சேர்ந்தே வந்தது.

இந்தப் பகுதியின் பழைய பண்ணை வீட்டை உழவுக் கருவி என்றே சொல்லலாம். தெருவை ஒட்டித் திண்ணை. ஊர்க்கணக்கு, பஞ்சாயத்து, வழிப்போக்கரின் இளைப்பாறல் எல்லாம் அதன்மேல். நிலைப்படியைத் தாண்டினால் நடை, பிறகு வானம் திறந்த முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், ஒரு பக்கம் கூடம், பின்னால் சமையற்கட்டு. கடலோரப் பனங்காடுகள் கொடுத்த வைரம் பாய்ந்த பனங்கைகள்தான் கூரையைத் தாங்கின. வசதி உள்ளவர்கள் நாட்டு ஓடு போட்டார்கள், மற்றவர்கள் வைக்கோலோ ஓலையோ வேய்ந்தார்கள். சுவர்ப் பூச்சுக்கான சுண்ணாம்பு பழவேற்காட்டுப் பக்கத்துக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு எடுத்தது.

கூடத்தின் ஓரத்தில் குதிர் நிற்கும். வைக்கோல் கலந்து பிசைந்த களிமண்ணை உறை உறையாக அடுக்கி, ஆள் உயரத்துக்கு மேல் எழுப்பிய நெற்களஞ்சியம் அது. நெல்லை மேல் வாய் வழியாகக் கொட்டி மூடி, மண்ணால் மெழுகிவிடுவார்கள். அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதைத் துணிப்பந்தால் அடைத்திருப்பார்கள். தேவைப்படும்போது அடைப்பை எடுத்தால் நெல் தானே சரிந்து முறத்தில் விழும், பழைய நெல் முதலில் வெளியே வரும். ஐப்பசி கார்த்திகைப் பெருமழையில் ஊரே தண்ணீரில் மிதக்கும்போதும் குதிர் நெல் ஈரம் படாமல் இருக்கும். எத்தனை குதிர் என்பதே ஒரு குடும்பத்தின் வளத்துக்குக் கணக்கு. வீட்டுக்குப் பின்னால் தொழுவம், எருக்குழி, வைக்கோல் போர், அதற்கும் அப்பால் களம்.

வீட்டைவிட முக்கியமான இடம் களம்தான் என்று சொல்ல வேண்டும். அறுத்த நெல் குவியலானதும் அது உடனே காணியாளரின் வீட்டுக்குப் போய்விடாது. கோயிலுக்கு, கணக்கனுக்கு, தலையாரிக்கு, ஏரி மடை பார்ப்பவனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, வெட்டியானுக்கு என்று மரக்கால் மரக்காலாக முதலில் அளந்துவிடுவார்கள். உழைத்த ஆட்களுக்குக் களத்திலேயே அளப்பது களவாசம். இதெல்லாம் போக மிஞ்சியதுதான் அரசுக்கு மேல்வாரம், குடிக்குக் குடிவாரம். ஊரில் காணி இல்லாமல் பயிர் செய்தவர்கள் பாயக்காரிகள். ஊரிலேயே தங்கியவர் உள்குடி, வெளியூரிலிருந்து வந்து உழுதவர் பரகுடி. அவர்கள் தங்கள் வாரத்திலிருந்து காணியாளருக்கு ஒரு பகுதியைத் துண்டுவாரமாகத் தரவேண்டும். முதல் கலப்பையைப் பூட்டியவர் என்ற பெயருக்காகப் பிந்தி வந்தவர் தலைமுறை தலைமுறையாகச் செலுத்திய கட்டணம் அது.

ஆனால் அந்த முதல் கலப்பையைப் பிடித்த கைகள் யாருடையவை? ஊருக்கு வெளியே, வயலுக்கு நடுவே மேட்டில் இருந்த சேரியில் வாழ்ந்தவர்கள்தான் காட்டை வெட்டியதும், ஏரிக்கரைக்கு மண் சுமந்ததும், சேற்றில் இறங்கி உழுததும். அவர்களைப் பண்ணையாள், படியாள் என்றார்கள். படிக்கணக்கில் கூலி அளக்கப்பட்டதால் வந்த பெயர் படியாள். பழைய காணிப் பத்திரங்களில் மரத்தையும் கிணற்றையும் அடுத்து, ஊரோடு கட்டுண்ட அந்த மக்களும் கைமாறும் பொருளாக எழுதப்பட்டிருக்கிறார்கள். அடிமைமுறைக்குச் சட்டப் பாதுகாப்பை நீக்கிய சட்டம் 1843இல்தான் வந்தது. குடியேற்றக் கதையில் ஆதொண்டைக்குப் பெயர் உண்டு, தோற்ற குறும்பருக்கும் பெயர் உண்டு. மண் சுமந்தவர்களுக்கு அதில் இடமே இல்லை. காணியாளர் வீட்டின் வரலாற்றை எழுதுகிறவர் சேரியையும் சேர்த்து எழுதவில்லை என்றால் அது பாதி வரலாறுதான்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி இவ்வளவு விரிவாகத் தெரியவருவதற்குக் காரணம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு முதலில் வந்த பெருநிலப் பகுதிகளில் இதுவும் ஒன்று என்பதே. 1763இல் ஆற்காடு நவாபு முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் மானியமாக, கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களை அளந்து எழுதினார். ஊருக்கு எத்தனை வீடு, எந்தத் தொழில் செய்பவர் எத்தனை பேர், எத்தனை காணி நஞ்சை, எத்தனை ஏரி, களத்தில் யாருக்கு எவ்வளவு நெல் என்று கணக்குப்பிள்ளைகள் ஓலையில் தந்த விவரங்கள் அவருடைய அறிக்கையில் ஏறின. பிற்காலத்தில் காந்தியச் சிந்தனையாளர் தரம்பாலின் கவனம் இந்த ஆவணங்களின்மேல் விழுந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு முந்திய தமிழ் ஊரின் கட்டமைப்பை அறிய இவ்வளவு நுணுக்கமான சான்று வேறு எதுவும் எளிதில் கிடைப்பதில்லை.

அந்த அளவீடு முடிந்து ஆறு ஆண்டுகளுக்குள் ஐதர் அலியின் படை வந்தது. 1780இல் தொடங்கிய போரில் செங்கல்பட்டுச் சீமை சூறையாடப்பட்டது. ஏரிகள் உடைந்தன, மாடுகள் போயின, ஊர்கள் காலியாயின. காணியாளர் வீடுகள் பல கூரையின்றி நின்றன. போரைத் தொடர்ந்த பஞ்சத்துக்குத் தப்பியவர்களில் பலர் சென்னைக்கு ஓடினார்கள்.

1794இல் கலெக்டராக வந்தவர் லயனல் பிளேஸ். ஊர்களைத் திரும்ப எழுப்ப அவர் காட்டிய வேகம் பெரிது. வரியை உயர்த்துவதிலும் அதே வேகம் இருந்தது. 1795–96இல் பூந்தமல்லிப் பக்கத்து மிராசுதாரர்கள் வரியை ஏற்க மறுத்தார்கள். ஊரை விட்டு வெளியேறினார்கள். அந்தக் காலத்தில் குடிகள் கையாண்ட எதிர்ப்பு முறை அது. இணங்காதவர்களின் காணியைப் பாயக்காரிகளுக்கே கொடுக்க பிளேஸ் முயன்றார். அப்போது கலெக்டர் கச்சேரியில் ஒரு கேள்வி எழுந்தது: காணி என்பது பயிர் செய்கிறவரை மட்டும் நிற்கும் உரிமையா, செய்யாவிட்டாலும் நிற்குமா?

இதற்குள் காணிகளில் ஒரு பகுதி சென்னைத் துபாஷிகளின் கைக்குப் போயிருந்தது. கம்பெனித் துரைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் இருந்து பொருள் சேர்த்தவர்கள் கிராமங்களில் பங்குகளை வாங்கினார்கள். காட்டுப்பள்ளிக்குத் தெற்கே இருக்கும் மணலியின் முதலியார் குடும்பம் அந்த வர்க்கத்தில் மிகவும் பெயர் பெற்றது. ஆளுநர் பிகட்டின் துபாஷியான மணலி முத்துகிருஷ்ண முதலியார், கோட்டைக்கு அருகே இடிக்கப்பட்ட பட்டணத்துக் கோயிலுக்குப் பதிலாகச் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் கோயில்கள் எழ முன்னின்றவர். அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தை ஆதரித்தவரும் அவர்தான். ராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்கு வந்து அந்த வீட்டின் ஆதரவில் தங்கினார். அவருடைய மகன் முத்துசாமி தீட்சிதரின் இளமை மணலியில் கழிந்தது. முத்துசாமியின் தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்ததும் முத்துகிருஷ்ண முதலியாரின் மகன் சின்னையா முதலியார் செய்த ஏற்பாட்டால்தான். களத்து நெல்லும் கோட்டைப் பணமும் கூடிய அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து கர்நாடக இசையின் ஒரு பெரிய கிளை புறப்பட்டது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ஊராக மட்டும் மணலியை அறிந்தவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1802இல் கம்பெனி ஜாகீரைத் துண்டுகளாகப் பிரித்து நிரந்தரத் தீர்வையில் ஏலம் விட்டது. வாங்கியவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போனார்கள். மறுபடியும் குடிகளோடு நேரடிக் கணக்குக்கு வரவேண்டியதாயிற்று. அப்போது, மிராசு என்றால் சரியாக என்ன என்று சென்னை அரசு பதினேழு கேள்விகளைக் கேட்டது. அதற்கு விடை எழுதியவர் சென்னைக் கலெக்டர் எல்லிஸ். திருக்குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்தவர், 1818 வறட்சியில் சென்னையில் 27 கிணறுகளைத் தோண்டி, ராயப்பேட்டைக் கோயில் கிணற்றருகே தமிழில் கல்வெட்டு வைத்தவர். அவருடைய அலுவலகத்தின் சிரஸ்தேதார் (தலைமை அலுவலர்) சங்கரய்யாவும் தனியே ஓர் அறிக்கை கொடுத்தார். பழைய பத்திரங்களையும் சாசனங்களையும் தேடித் தொகுத்த எல்லிஸின் விடைகள் 1818இல் அச்சாயின. காணியாட்சி அரசன் போட்ட பிச்சை இல்லை, குடியேறியவர்களின் பரம்பரைச் சொத்து என்பதே அவர் முடிவு. அந்த நூல் இல்லாவிட்டால் பசுங்கரை, துண்டுவாரம் போன்ற சொற்கள் பலவற்றின் பொருள் நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

எல்லிஸ் எழுதியது காணியாளர்களுக்குக் கேடயமாயிற்று. அதே கேடயம் சேரிக்குச் சுவராயிற்று. குடிகளோடு அரசு நேரடியாக வரிக் கணக்கு வைத்த ரயத்துவாரி முறையில் யார் வேண்டுமானாலும் தரிசு நிலத்துக்கு விண்ணப்பம் போடலாம். அதற்குத் தர்காஸ்து என்று பெயர். ஆனால் செங்கல்பட்டில் மிராசுதாரருக்கே முன்னுரிமை. ஒரு பண்ணையாள் இரண்டு ஏக்கர் தரிசைக் கேட்டால், அதே நிலத்தை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று மிராசுதாரர் சொன்னால் போதும், விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடும். குடிசை இருந்த இடமும் நத்தத்தின் பகுதி, ஆகவே மிராசுக்கு உட்பட்டது. எஜமானோடு மனத்தாங்கல் வந்தால் கூலியோடு கூரையும் போய்விடும்.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் இந்த நிலையைப் பற்றி ஒரு நீண்ட குறிப்பை அரசுக்கு எழுதினார். ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரியார்களும் இதற்காகப் பேசியிருந்தார்கள். பட்டினிக்கும் கடனுக்கும் வேர் எங்கே என்று தேடிய அந்தக் குறிப்பு, உழைக்கும் மக்களுக்கு நிலத்தின்மீதும் குடியிருக்கும் மனையின்மீதும் உரிமை இல்லாததில் போய் நின்றது. 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை 1010 வந்தது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கவும், அதை மற்றவர்கள் வாங்கிக்கொள்ளாதபடி தடை போடவும் அது வழிசெய்தது. பஞ்சமி நிலம் என்று இன்று சொல்லப்படுவது அதுதான். அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறகு வேறு கைகளுக்குப் போனதும், 1994இல் மாமல்லபுரத்துக்கு அருகே காரணையில் அதை மீட்க நடந்த போராட்டத்தின் தொடர்ச்சியாகச் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போனதும் இந்த வரலாற்றின் பகுதிகள்தான். குடியிருப்பு மனைக்கான தீர்வு இன்னும் தாமதமாகவே வந்தது. 1920களில் தொழிலாளர் துறை சேரி மக்களுக்கு மனைகளை வாங்கித் தரத் தொடங்கியது. பிறருடைய நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த உழவுத் தொழிலாளிக்கு அந்த இடத்தையே சொந்தமாக்கிய தமிழ்நாடு குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம் 1971இல்தான் இயற்றப்பட்டது.

அதற்குள் பண்ணை வீடுகளும் இளைத்துவிட்டிருந்தன. பங்குகள் பாகப்பிரிவினையில் பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று என்று சிதறின. பிள்ளைகள் படித்துச் சென்னைக்குப் போனார்கள். 1961இல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று நிறுத்தியது. 1970இல் அது 15 ஆயிற்று. 1980இல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் ஒழிந்தன. ஊர்க்கணக்கு திண்ணையை விட்டு இறங்கிக் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போனது.

மீஞ்சூர் வட்டாரத்தில் தண்ணீரும் கைவிட்டது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்த மணலுக்கு அடியில் நல்ல ஊற்று இருந்தது. 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. உதவியோடு ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்களை இறக்கி, சென்னை நகருக்கும் ஆலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். உழவர்களும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். ஊற்று மட்டம் கீழே போகப்போகக் கடல்நீர் மண்ணுக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே ஏறிவந்தது. தாத்தா கலப்பையை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் அள்ளிக் குடித்த கிணற்றில் பேரன் வாளியை விட்டபோது கரித்தது. நெல்லுக்கு உதவாத தண்ணீர் மாட்டுக்கும் உதவவில்லை. நன்னீர் மிஞ்சியிருந்த கிணறுகளில் சில உழவர்கள் பயிரை விட்டுவிட்டு நகரக் குடிநீருக்குத் தண்ணீரை விற்றார்கள். 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்.

1994இல் வடசென்னை அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று பெருந்திட்டங்கள் வந்தன. கடலோர மீனவர் குடியிருப்புகள் இடம் மாறின. உள்ளே நெல் நின்ற பூமியில் கண்டெய்னர் கிடங்குகளும் லாரி நிறுத்தங்களும் வந்தன. பழைய வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன: திண்ணைக்குக் கம்பி போட்டு, முற்றத்துக்கு மேல் தகரக் கூரை அடித்து, குதிர் இருந்த மூலையில் நெல்லுக்குப் பதில் பழைய சைக்கிள் நிறுத்தி. உழவர் வீட்டை முழு உருவத்தோடு பார்க்க விரும்புகிறவர்கள் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தக்ஷிணசித்ரா அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

காணியும் மனையும் இந்த வட்டாரத்தின் பேச்சிலிருந்து இன்னும் போகவில்லை. இங்கே காணி என்றால் 1.32 ஏக்கர், 57,600 சதுர அடி. அதை 24ஆகப் பகுத்தால் ஒரு மனை, 2,400 சதுர அடி. காணியாளர்கள் தங்கள் வீட்டு நிலத்தை அளந்த அதே மனையைத்தான் கம்பெனிக் கணக்கர்கள் 'கிரவுண்டு' என்று எழுதினார்கள். மீஞ்சூர்–பொன்னேரி சாலையில், நெல் விளைந்த நிலத்தில் வெள்ளைக்கல் நட்டு மனை விற்கிறவர்கள் இன்றும் அந்தக் கணக்கில்தான் விலை சொல்கிறார்கள்: அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு.